குமரியிலிருந்து மாமல்லை வரை

கன்னியாகுமரி மாவட்டத்தை நீங்கள் எதனால் அறிந்திருக்கிறீர்கள்? முக்கடல் கூடும் முனையால் அறிந்திருப்பீர்கள். 1741ஆம் ஆண்டில் டச்சுப் படை தோற்றோடிய குளச்சல் கடற்கரையால் அறிந்திருப்பீர்கள். தக்கலையில் அடங்கியிருக்கும் மெய்ஞ்ஞானி பீர்முகம்மது அப்பா அவர்களின் ஞானப்பாடல்களால் அறிந்திருப்பீர்கள். நாஞ்சில் நாட்டிற்கு மற்றொரு பெருமையும் உண்டு. அஃது அறிவாற்றலின் பெருமை. அதைச் சொல்லத் தொடங்கினால், நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவ்வூரில் 1874 ஜூலை 31ஆம் நாள் பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். சீறாப்புராணத்திற்கு உரை கண்ட பெரும்புலவர். 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் பலர் முன்னிலையில் நூறு செயல்களை ஒரே வேளையில் கவனத்திற்கொண்டு, சதாவதானி எனும் பட்டத்தைப் பெற்றார். அவதானக் கலையை இக்காலப் பிள்ளைகள் பலர் அறியார். ஒருவர் வெண்பாவிற்கு ஈற்றடி கொடுப்பார். மற்றொருவர் கணக்குக் கேட்பார். வேறொருவர் முதுகில் பூவை எறிவார். இன்னொருவர் மணியை அடிப்பார். அவதானி அனைத்திற்கும் விடை சொல்ல வேண்டும். எத்தனை பூ விழுந்தது, எத்தனை முறை மணி ஒலித்தது என்பதையும் இறுதியில் தவறாமல் கூற வேண்டும். இக்கலையில் சதுரங்கம் ஆடுவதும் ஓர் உறுப்பாக இடம்பெறுவது வழக்கம். நம் மாவட்டத்து முஸ்லிம் ஒருவர் தலைசிறந்து விளங்கிய கலைக்கும் சதுரங்கப் பலகைக்கும் இத்தகைய உறவு உண்டு என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு என்னுடன் வாருங்கள். நாம் ஒரு பயணம் செல்லவிருக்கிறோம்.

சுடர் வந்த ஆண்டு

2022ஆம் ஆண்டு உலகச் சதுரங்க ஒலிம்பியாட் தமிழகத்திற்கு வந்தது. நாடுகள் அணி அணியாக மோதும் இப்போட்டி 1927ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கியது. மகளிர்க்கான ஒலிம்பியாட் 1957இல் நெதர்லாந்தில் தொடங்கிற்று. நாற்பத்து நான்காம் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடைபெறுவதாக இருந்தது. உக்ரைன் போர் மூண்டதால் அங்கிருந்து மாற்றப்பட்டு, மார்ச் மாதத்தில் சென்னைக்கு வழங்கப்பட்டது. ஏற்பாடு செய்வதற்குக் கிடைத்தவை நான்கு மாதங்களே. ஜூன் 19ஆம் நாள் டெல்லியில் ஏற்றப்பட்ட ஒலிம்பியாட் சுடர் 75 ஊர்களுக்குச் செல்வதாக அறிவிக்கப்பட்டது. இமயத்தின் மடியிலுள்ள லே அப்பட்டியலில் இருந்தது. நமது கன்னியாகுமரியும் இருந்தது.

சென்னையின் நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வண்ணம் பூசிக்கொண்டது. வேட்டி சட்டை அணிந்த குதிரை ஒன்று, 'தம்பி' எனும் பெயரோடு ஊரெங்கும் வணக்கம் சொல்லி நின்றது. பள்ளிக்கூடங்களில் போட்டிகள் நடந்தன. பல வீடுகளில் பரண்மேல் கிடந்த பலகைகள் கீழே இறங்கின.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் காக்காவின் மகன் நாகர்கோவிலில் சதுரங்க வகுப்புக்குச் சென்று வந்தான். அவனுக்கு இரண்டு வயது இளையவளான தங்கை வகுப்புக்குச் சென்றதில்லை. அவன் வீட்டிற்கு வந்து எதிரில் ஆளின்றித் தவிக்கும்போது, உட்கார்ந்து கொடுத்துக் கற்றவள் அவள். இருவரையும் அழைத்துக்கொண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, மாலையில் கன்னியாகுமரி விரைவு ரயிலில் ஏறினேன்.

நாகர்கோவிலை விட்டு வண்டி கிளம்பியதும் தோவாளை வருகிறது. பூக்களுக்குப் பெயர் பெற்ற ஊர். அடுத்து ஆரல்வாய்மொழிக் கணவாய். இருபுறமும் மலை. முப்பந்தலில் காற்றாலைகள் அணிவகுத்துச் சுழல்கின்றன. அக்கணவாயைத் தாண்டினால் நாஞ்சில் நாட்டின் பசுமை முடிந்து நெல்லைச் சீமையின் செம்மண் தொடங்கிவிடும். வள்ளியூரில் தொடங்கிய பிள்ளைகளின் ஆட்டம் மதுரை வந்தும் ஓயவில்லை. மூன்று ஆட்டங்களில் இரண்டைத் தங்கை வென்றாள். எதிர் இருக்கையில் இருந்த பெரியவர், "வகுப்புக்குப் போறது எந்தப் பிள்ளை?" என்று கேட்டார். அண்ணன் கையை உயர்த்தினான். அவர் சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடிகாலையில் செங்கல்பட்டில் இறங்கினோம். நீங்களும் மாமல்லபுரம் செல்வதாயின் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை; செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்லும் பேருந்து கடற்கரையில் கொண்டு சேர்த்துவிடும்.

சத்ரஞ்ச் நடந்த வழி

போட்டி மண்டபத்திற்குள் நுழையுமுன், இவ்விளையாட்டு வந்த வழியைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

யானை, குதிரை, தேர், காலாள் எனும் நால்வகைப் படையையும் பலகையில் நிறுத்திய சதுரங்கம் இந்திய மண்ணில் தோன்றியது என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. இங்கிருந்து பாரசீகம் சென்று 'சத்ரங்க்' ஆயிற்று. அரபு மக்கள் அதனைச் 'சத்ரஞ்ச்' என்றனர். பக்தாதில் அப்பாசிய கலீஃபாக்களின் காலத்தில் அல்-அத்லீ, அஸ்-ஸூலீ போன்றோர் இவ்விளையாட்டின் பேராசான்களாய்த் திகழ்ந்து, நூல்களும் எழுதினர். முஸ்லிம்களின் ஸ்பெயின் வழியாகவும் பிற வழிகளாலும் அது ஐரோப்பாவை எட்டியது. இன்றும் ஆங்கிலேயர் 'செக்மேட்' என்கின்றனரே, அது 'ஷாஹ் மாத்' என்பதன் திரிபு. அவர்களின் 'ரூக்' நம் 'ருஃக்'. யானையைக் குறிக்கும் 'அல்-ஃபீல்' ஸ்பானிய மொழியில் இன்றளவும் 'அல்ஃபில்' என்றே வழங்குகிறது.

இன்னொரு செய்தியைக் கவனியுங்கள். சத்ரஞ்சில் அரசனின் அருகில் நின்றவர் ஓர் அமைச்சர். மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகரும் எளிய காய் அது. ஐரோப்பாவில் அக்காய் அரசியாயிற்று. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் விதிகள் மாறியபோது, பலகையிலேயே ஆற்றல் மிக்க காயாக அது வளர்ந்தது. ஒரு கட்டத்திற்குமேல் நகர அனுமதியில்லாதிருந்த காய்க்கு வழி திறந்துவிட்டதும் ஆட்டம் முழுவதுமே புதிதாகிவிட்டது.

மார்க்கம் என்ன சொல்கிறது எனும் வினா உங்கள் உள்ளத்தில் எழும், எழ வேண்டியதுதான். இமாம்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபீ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளின் அறிஞர் பெரும்பாலோர் சதுரங்கத்தைத் தடுத்தே பேசியுள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபில் அது ஹராம் அன்று, மக்ரூஹ் என்பதே நிலைபெற்ற கருத்து. பந்தயப் பணம் கலந்தாலோ, தொழுகையை அதன் நேரம் தவறச் செய்தாலோ ஹராம் ஆகிவிடும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள். தாபிஈன்களில் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள் பலகைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, பாராமலே ஆடுவார்கள் என்றும் நூல்களில் காணப்படுகிறது. அவரவர் மத்ஹபையும் அவரவர் ஊர் ஆலிம்களையும் அனுசரித்து நடப்பது அவரவர் கடமை. ஆடுவோர்க்கு நான் சொல்வது மூன்று: பணம் வைக்காதீர், பாங்கு ஒலித்தால் எழுந்துவிடுங்கள், நாவைக் காத்துக்கொள்ளுங்கள். இந்த வரம்பு ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒன்றே.

பூஞ்சேரி மண்டபத்தில்

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் போட்டி நடந்தது. பொதுப் பிரிவில் 186 நாடுகளிலிருந்து 188 அணிகள். மகளிர் பிரிவில் 160 நாடுகளிலிருந்து 162 அணிகள். ஓர் அணிக்கு ஐவர். அவர்களில் நால்வர் ஆட, ஒருவர் மாற்றாக இருப்பார். நான்கு பலகைகளின் முடிவையும் கூட்டி அணியின் வெற்றி தோல்வி கணிக்கப்படும். இவ்வாறு 11 சுற்றுகள்.

அத்துணைப் பேர் கூடியிருந்த மண்டபத்தில் நிலவிய அமைதியை எப்படிச் சொல்வது? கைப்பேசிக்கு அனுமதியில்லை. காய் நகரும் ஓசையும் கடிகாரத்தை அழுத்தும் ஓசையுமே கேட்டன. கறுப்பர், வெள்ளையர், மஞ்சள் நிறத்தார், நம்மவர் என எல்லா நிறத்தாரும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தனர். முக்காடிட்ட வீராங்கனையரும் இருந்தனர். ஈரான் நாட்டுப் பெண்கள் தலை மறைத்து அமர்ந்து, கன்னத்தில் கை வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தனர். பாலஸ்தீன மகளிர் அணியில் ஒரு சிறுமி. அல்-கலீல் எனப்படும் ஹெப்ரோன் நகரத்தவள், வயது 8. அந்த ஒலிம்பியாட்டின் வீரர் வீராங்கனையரிலேயே இளையவள். தன் முதல் ஆட்டத்திலேயே கொமொரோஸ் நாட்டு வீராங்கனையை வென்றவள். முற்றுகையின் நிழலில் வளரும் ஊரிலிருந்து தந்தை கற்றுக்கொடுத்த ஆட்டத்தோடு கடல் கடந்து வந்திருந்தாள்.

நாங்கள் கண்டது எட்டாம் சுற்று. இந்தியாவின் இரண்டாம் அணி, அமெரிக்க அணியை 3–1 எனும் கணக்கில் வீழ்த்தியது. 16 வயது குகேஷ், உலகின் முன்னணி வீரர்களுள் ஒருவரான ஃபாபியானோ கருவானாவை வென்றார். அது அவருடைய தொடர்ச்சியான எட்டாம் வெற்றி.

சமர்கந்தின் பிள்ளைகள்

பத்தாம் சுற்றில் அந்த இந்திய அணியும் உஸ்பெகிஸ்தானும் மோதின. வெல்லும் நிலையிலிருந்த குகேஷ், 17 வயது நோதிர்பெக் அப்துஸத்தாரோவிடம் தோற்றார். பிரக்ஞானந்தா தம் பலகையில் வென்றார். முடிவு 2–2. ஆகஸ்ட் 9ஆம் நாள் இறுதிச் சுற்று. நம் நாட்டில் அன்று ஆஷூரா தினம். அன்று உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. அர்மேனியா வெள்ளி. இந்திய இரண்டாம் அணி வெண்கலம்.

உஸ்பெகிஸ்தான் எனும் பெயர் நமக்குப் புதிதன்று. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பிறந்த புகாராவும், அவர்கள் அடங்கியிருக்கும் சமர்கந்துப் பகுதியும் அந்நாட்டில்தான் உள்ளன. சமர்கந்தின் பழைய நகர மேடான அஃப்ராசியாபில் 1977ஆம் ஆண்டு அகழ்ந்தபோது, தந்தத்தாலான ஏழு சதுரங்கக் காய்கள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் பழமையானவை. உலகில் கிடைத்த மிகப் பழைய சதுரங்கக் காய்களாகப் போற்றப்படுபவை. இந்தியாவிலிருந்து மேற்கே சென்ற விளையாட்டைத் தந்தத்தில் செதுக்கி வைத்திருந்த மண்ணின் பிள்ளைகள், அது பிறந்த நாட்டிற்கே வந்து பொற்பதக்கம் பெற்றுச் சென்றனர்!

இரண்டு மூன்றாமிடங்கள்

இனி நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன்.

மகளிர் பிரிவில் இந்தியாவின் முதலணி இறுதிச் சுற்று வரை முன்னணியில் இருந்தது. கொனேரு ஹம்பி, ஹரிகா, வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி ஆகியோர் அணியினர். ஹரிகா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. மருத்துவரின் கவனிப்போடு வந்து ஆடினார்; அம்மாதமே தாயும் ஆனார். இறுதிச் சுற்றில் அமெரிக்காவிடம் 1–3 என்று தோற்றதால் தங்கம் நழுவிற்று. உக்ரைன் தங்கம், ஜார்ஜியா வெள்ளி, இந்தியா வெண்கலம்.

ஆக, பொதுப் பிரிவிலும் மூன்றாமிடம். மகளிர் பிரிவிலும் மூன்றாமிடம். முதலிடம் எங்கும் இல்லை. ஆயினும் அன்று இந்தியாவிற்கு ஒரு முதலிடம் கிடைத்தது. அதுதான் காப்ரிந்தாஷ்விலி கோப்பை.

ஜார்ஜியாவைச் சேர்ந்த நோனா காப்ரிந்தாஷ்விலி 1962 முதல் 1978 வரை உலக மகளிர் வாகையராய் இருந்தவர். கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி. அவர் பெயரிலான இக்கோப்பை ஒரு நாட்டின் பொது அணியும் மகளிர் அணியும் பெற்ற இடங்களைச் சேர்த்துப் பார்த்து வழங்கப்படுகிறது. ஆண்கள் மட்டும் வலிமையாயிருக்கும் நாட்டிற்கு அது கிட்டாது. பெண்கள் மட்டும் வலிமையாயிருக்கும் நாட்டிற்கும் கிட்டாது. தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தானுக்கும் கிட்டவில்லை, உக்ரைனுக்கும் கிட்டவில்லை. இருபுறமும் மூன்றாமிடம் பெற்ற இந்தியா, கூட்டிப் பார்த்தபோது முதலிடம் பெற்றது.

அவ்வணிகளில் ஓர் அண்ணன் தங்கை இணை இருந்திருப்பின் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? அக்காள் தம்பி இணை இருந்தது. வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் உடன்பிறந்தோர், சென்னையைச் சேர்ந்தவர்கள். முதலில் ஆடத் தொடங்கியவர் அக்காள். அவரைக் கண்டே தம்பி காயைத் தொட்டார். ஒலிம்பியாட்டில் இருவரும் வெண்கலம் பெற்றனர். 2023இல் வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, உலகின் முதல் அக்காள் தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் எனும் பெருமையை இருவரும் எய்தினர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் நகரில் நடந்த ஒலிம்பியாட்டில் இந்தியா இரு பிரிவுகளிலும் தங்கம் வென்றது. அவ்வாண்டு டிசம்பரில், பூஞ்சேரியில் கண்கலங்கி எழுந்த அதே குகேஷ், சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக வாகையரானார்.

சீனத்தின் பலகை

சீனா என்றதும் ஒரு செய்தி நினைவிற்கு வருகிறது. நாஞ்சில் நாட்டு வீடுகளில் ஊறுகாய் ஊறும் சீனப் பரணியை நீங்கள் கண்டிருப்பீர்கள். இப்னு பதூதா கொல்லம் துறையிலும் கோழிக்கோட்டிலும் சீனக் கப்பல்களைக் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சீனர்க்கும் ஒரு சதுரங்கம் உண்டு. பெயர் சியாங்சி. இரு சதுரங்கங்களும் ஒரே மூலத்தின் கிளைகள் எனக் கருதுவோர் பலர். நெடுக்கே 9 கோடுகள், குறுக்கே 10 கோடுகள். காய்கள் கட்டத்திற்குள் நில்லாமல் கோடுகள் கூடும் புள்ளியில் நிற்கும். நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. யானை ஆற்றைக் கடக்காது. பீரங்கி இடையிலுள்ள ஒரு காயைத் தாண்டித்தான் எதிரியை வெட்டும்.

2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், சியாங்சிக்கு ஆண்கள், பெண்கள் எனும் தனிப் பிரிவுகளோடு கலப்பு அணிப் பிரிவும் இருந்தது. ஒரே நாட்டின் ஆணும் பெண்ணும் ஒரே அணியாய் அமர்ந்து பிறநாட்டு அணியோடு மோதினர். தங்கம் சீனாவிற்கே. ஒலிம்பியாட் இறுதியில் கூட்டிப் பார்ப்பதைச் சீனச் சதுரங்கம் தொடக்கத்திலேயே ஒன்றாய் அமர்த்திப் பார்த்துவிட்டது.

இது நமக்குப் புதுமையா? அன்று. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான், நவாப் உமர் ஹயாத் கான் என்பவரின் இல்லத்தைச் சேர்ந்தவர். நவாபோடு இங்கிலாந்து சென்று 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் வாகையரானார். அதே இல்லத்துப் பணிப்பெண் ஃபாத்திமா, 1933ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மகளிர் வாகையரானார். ஒரே ஆண்டில், ஒரே வீட்டைச் சேர்ந்த முஸ்லிம் ஆணும் முஸ்லிம் பெண்ணும் இரு பட்டங்களையும் வென்றனர். 2024இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. ஃபாத்திமாவின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்வியுற்றிருக்கிறோம்?

நம் வீட்டுக் கணக்கு

வாசகப் பெருமக்களே! 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டம் கன்னியாகுமரி, 91.75 விழுக்காடு. நம் பெண்மக்கள் படிக்கிறார்கள். மதரஸாவில் என் முன்னால் அமரும் பிள்ளைகளில் முதலில் மனனம் ஒப்பிப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஆனால் பள்ளிக்கு அப்பால் ஒரு வகுப்பு, ஒரு போட்டி, ஒரு வெளியூர்ப் பயணம் என்று வரும்போது, வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. அதில் மகன் அமர்கிறான். மகளிடம் இருக்கும் ஆற்றலை நாம் மறுப்பதில்லை. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

"பொம்பளைப் பிள்ளைய எவ்வளவு தூரம் அனுப்புறது?" என்று கேட்கும் தகப்பனாரின் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். அது பொறுப்பிலிருந்து பிறக்கும் அச்சம். ஆனால் சதுரங்கத்திற்கு மைதானம் வேண்டா. ஆடை மாற்றம் வேண்டா. பெரும் பொருட்செலவும் வேண்டா. ஒரு பலகையும், அவளுக்கு எதிரில் அமர ஓர் ஆளும் போதும். வாப்பாவோ சாச்சாவோ உடன்சென்றால் போட்டிக்கும் போய்வரலாம். உலகின் முன் ஈரானியப் பெண்கள் முக்காடோடுதான் ஆடினார்கள்.

ஊர் திரும்பியபின் நான் காக்காவிடம் நீண்ட விரிவுரை ஏதும் நிகழ்த்தவில்லை. ரயிலில் வென்ற இரண்டு ஆட்டங்களைச் சொன்னேன். இரண்டு வெண்கலம் சேர்ந்து முதலிடம் ஆன கணக்கையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "வகுப்புக்கு மாசம் எவ்வளவுன்னு கேளு" என்றார். அடுத்த வாரத்திலிருந்து இருவரும் சேர்ந்தே சென்றனர். அவர்களில் யாரும் பட்டம் வெல்லவில்லை. வெல்ல வேண்டுமென்பதும் இல்லை. எதிரி நகர்த்துமுன் அவன் மனத்தை எண்ணிப் பார்ப்பது, தோற்றபின் கைகொடுத்து எழுவது, அவசரப்பட்ட கையை அடக்குவது ஆகியவற்றை அண்ணன் எங்குக் கற்றானோ அங்கேயே தங்கையும் கற்றாள்.

நூறு செயல்களை ஒருங்கே எண்ணிய பாவலர் பிறந்த மண்ணில் வாழ்பவர்கள் நாம். நம் வீட்டில் இருக்கும் இரண்டையாவது ஒருங்கே எண்ணக் கற்போமாக! அல்லாஹ் நம் மக்களுக்குப் பயன்தரும் கல்வியையும், அதனைக் கண்டுகொள்ளும் கண்ணை நமக்கும் அருள்வானாக. ஆமீன்.